மீன் பெட்டியில் கரிசாலை, மண்சட்டியில் மை

கரிசலாங்கண்ணி (கரிசாலை) மை கூட்டுவதில் முதல் வேலை விளக்கேற்றுவது இல்லை, செடி வளர்ப்பது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாரிடம் கேட்டாலும், "கரிசாலையா? அல்லூர் கரையெல்லாம் கிடக்குதே, போய்ப் பறிச்சிட்டு வா" என்றுதான் சொல்வார்கள். அல்லூர் என்பது எங்கள் ஊரில் வடிகாலுக்குப் பேர். கிடக்கிறது, உண்மைதான். செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டு அல்லூர், தாமான் (வீடமைப்புப் பகுதி) பின்பக்கக் கால்வாய், லாரி போய்ப் பள்ளமான மண்பாதை என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் அது வரும். ஆனால் அந்தச் செடியைப் பறித்து மை கூட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குழந்தைக்குப் பொட்டு வைக்கும் மை என்றால் இன்னும் உறுதி.

குழந்தைக்காகத்தான் இந்த வேலையே ஆரம்பித்தது. தங்கை மகளுக்கு முதல் பிள்ளை. பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது கடை மை வேண்டாம், வீட்டு மைதான் வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். அத்தைக்கு எண்பதைத் தாண்டிய வயது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீட்டில் அவருடைய அம்மா மை கூட்டியதைக் கூடவே இருந்து பார்த்தவர். கை நடுங்குவதால் இப்போது அவரால் செய்ய முடியாது. வாயால் சொல்லச் சொல்ல நான் செய்தேன். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இது தெரியாது என்பதால் செய்ததை எழுதி வைக்கிறேன்.

அல்லூர்ச் செடி ஏன் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். செம்பனைத் தோட்டத்தில் எந்த நெரையில் (வரிசையில்) எப்போது களைமருந்து அடித்தார்கள் என்று வெளியில் இருக்கும் நமக்குத் தெரியாது. பாராகுவாட் அடித்த காலத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். அது பட்ட இலை அன்றைக்கே வெந்து சுருண்டுவிடும். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட்டுக்குத் தடை. முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து அதை அடித்த பெண்களின் நகமும் தோலும் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் இது. அந்தத் தடை இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். இப்போது பரவலாக அடிக்கும் கிளைபோசேட் வேறு விதம். இலை வழியே இறங்கி வேர்வரை போய் மெதுவாகக் கொல்லும். இலை மஞ்சளாகத் தெரிய நாலைந்து நாள் ஆகும், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை செடி பச்சையாக, பூவும் மொட்டுமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்தில் நெடுங்காலம் மருந்தடித்தவர். அவர்தான் சொன்னார்: "பச்சையா இருக்குன்னு நம்பிப் பறிச்சிடாத தங்காச்சி. நாங்க அடிச்சிட்டுப் போய் மூணாம் நாள் வந்து பார்த்தாலும் அது பச்சையாத்தான் நிக்கும்."

தாமான் அல்லூரும் அப்படித்தான். துணி துவைத்த தண்ணீர், மோட்டார் பட்டறை எண்ணெய் எல்லாம் அதில்தான் போகிறது. கரிசாலை ஈரத்தில் வேர்விட்டுக் குடித்து வளர்கிற செடி. அது நிற்கும் தண்ணீர் எதுவோ அதுதான் சாற்றிலும் வரும். சரி, வீட்டிலேயே வளர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தாய்ச்செடி தோட்டத்து மாரியம்மன் கோயில் குழாயடியிலிருந்து கிடைத்தது. கோயில் வளாகத்துக்குள் யாரும் மருந்தடிப்பதில்லை. கால் கழுவும் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் கரிசாலை நன்றாகப் படர்ந்திருந்தது. பூசாரி ஐயாவிடம் கேட்டுவிட்டுச் சில தண்டுகளைக் கிள்ளிக்கொண்டேன்.

செடியை அடையாளம் காண்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். கரிசாலையில் வெள்ளைப் பூ, மஞ்சள் பூ என்று இரண்டு சொல்வார்கள். மைக்கும் தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கும் எங்கள் வீட்டில் எடுப்பது வெள்ளை. சாமந்தி, சூரியகாந்தி குடும்பத்துச் செடி இது. அந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று பார்ப்பது பல பூக்கள் சேர்ந்த கொத்து. கரிசாலைப் பூ ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது. ஆனால் தபால்தலை பார்க்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் நெருக்கமாக நிற்கும் ஒவ்வொரு வெள்ளை இதழும் தனிப் பூ, நடுவில் இருக்கும் ஒவ்வொரு குட்டிக் குழாயும் தனிப் பூ. நாலு மடலாக வாய் திறந்திருக்கும் அந்தக் குழாய்களைப் பார்க்கிறவர்கள் அதற்கப்புறம் இந்தச் செடியைச் சாதாரணக் களை என்று மிதித்துப் போக மாட்டார்கள். அவ்வளவு அழகு அது.

இலை எதிரெதிராக, காம்பு இல்லாமல் தண்டை ஒட்டியே வரும். நீளமாக, நுனி கூராக இருக்கும். விரலால் நீவினால் சொரசொரவென்று இருக்கும், படிந்த முடிகள்தான் காரணம். இதற்கெல்லாம் மேலான சோதனை ஒன்று உண்டு. தண்டை ஒடித்து உள்ளங்கையில் தேய்த்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். பச்சையாகப் பட்ட கறை கறுத்துக்கொண்டே போகும். நறுக்கி வைத்த வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுப்பது மாதிரி, சாற்றில் இருப்பது காற்றோடு சேர்ந்து நிறம் மாறுகிறது.

வறண்ட இடத்தில் வெட்டுக்காயப் பூண்டு நிற்கும். அதுவும் இதே குடும்பம்தான், பூவிலும் வெள்ளை இதழ்தான். ஆனால் அதன் பூ நீண்ட காம்பின் நுனியில் தனியாகத் தூக்கி நிற்கும், நடுப்பகுதி மஞ்சள், விதை பஞ்சோடு பறக்கும். கரிசாலை விதைக்குப் பஞ்சு கிடையாது. கருப்பாக, சொரசொரப்பாகக் கீழே உதிர்ந்து தண்ணீரோடு போய்ச் சேரும். அதனால்தான் அல்லூர் ஓடுகிற வழியெல்லாம் அது முளைக்கிறது.

இன்னொரு குழப்பம்தான் பெரியது. தாமான் வாசல்களிலும் சாலை மேட்டிலும் தரையை மூடிப் படர்ந்திருக்கும் பளபளப்பான கொடி, மஞ்சள் பூ. சிங்கப்பூர் டெய்சி என்று நர்சரியில் சொல்வார்கள். அதைக் காட்டி "இதுதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று சிலர் பறித்துக் கீரையாகவே சமைக்கிறார்கள். இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் ஒரே செடி இல்லை. சிங்கப்பூர் டெய்சியின் இலை மூன்று மடலாகப் பிரிந்து தடித்திருக்கும். உண்மையான மஞ்சள் கரிசாலையின் இலை ஒடுங்கி நீண்டு, மடல் பிரியாமல் இருக்கும். டெய்சி அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. வீட்டு வாசலில் அழகுக்கு இருக்கட்டும். அடுப்புக்கும் விளக்குக்கும் வேண்டாம்.

வளர்த்த விதத்துக்கு வருகிறேன். பாசார் மீன்காரரிடம் வெள்ளை நுரைப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன். மண் களிமண் கலந்ததாக இருப்பது நல்லது. பூச்செடிக்குப் போடும் உதிரி மண்ணில் தண்ணீர் நிற்காது, கரிசாலைக்கு அது பிடிக்காது. அப்படிப்பட்ட மண்ணில் மக்கிய சாணியைக் கலந்து நிரப்பினேன்.

கரிசாலைக்கு ஈரம் எப்போதும் வேண்டும். ஆனால் நம் ஊரில் தண்ணீரைத் தேங்க விட முடியாது. டிங்கிக் கொசு சுத்தமான தேங்குநீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதம் உண்டு. சட்டம் இருக்கட்டும், எங்கள் தாமானில் டிங்கி வந்து ஆஸ்பத்திரியில் படுக்காத தெருவே இல்லை. அதனால் பெட்டியின் அடியில் ஓட்டை போடாமல், பக்கவாட்டில் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓட்டைகள் போட்டேன். அந்த உயரம் வரை மண்ணுக்குள் தண்ணீர் நிற்கும், அதற்கு மேல் போனால் வழிந்துவிடும். மண்ணின் மேல் பரப்பில் ஒரு சொட்டுகூடத் தேங்காது. வேருக்குச் சேறு கிடைக்கும், கொசுவுக்கு இடம் கிடைக்காது. வல்லாரை வளர்ப்பவர்களுக்கும் இந்த ஏற்பாடு உதவும்.

தண்டுகளை ஒரு விரல் நீளத்துக்குச் சற்று அதிகமாக வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி சாய்த்து வைத்தேன். கரிசாலை கணுவுக்குக் கணு வேர்விடும் செடி, பதமெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு வாரம் போனால் பிடித்துவிடும். இன்னொரு பக்கம் முற்றிய பூக்கொத்தைக் கசக்கி விதையும் தூவினேன். விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலே மண் போட்டு மூடக் கூடாது. ஈர மண்ணில் தூவி உள்ளங்கையால் அழுத்தி விட்டால் போதும். சீக்கிரம் அறுவடை வேண்டுமென்றால் தண்டுதான். விதைச் செடி மெதுவாக வந்தாலும் நிமிர்ந்து புதராக நின்றது.

வெயில் நன்றாகப் படும் இடத்தில் பெட்டியை வைத்தேன். இரவில் பெரிய நத்தைகள் வந்து குருத்தைத் தின்னும், டார்ச் அடித்துப் பொறுக்கிப் போட வேண்டும். வேறு தொந்தரவு ஒன்றும் இல்லை. பூக்கத் தொடங்கியதும் அறுக்கலாம். அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும்.

சாறு எடுப்பது காலை வேலை. தழையை மண் போக நாலைந்து தண்ணீரில் அலசி, ஈரம் உதறி, அம்மியில் வைத்து அரைத்தேன். பிளெண்டரில் போட்டால் அரையத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், சாறு நீர்த்துப் போகும். அம்மியில் தண்ணீரே வேண்டாம். பச்சை நெடியோடு அரைந்து, பிழிந்து முடிப்பதற்குள் கரும்பச்சையாகிவிடும். கையில் கறை ஒட்டும். எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் உடனே போகாது. முன்காலத்தில் பச்சை குத்துகிறவர்கள் இந்தச் சாற்றைப் பயன்படுத்தியதில் ஆச்சரியமே இல்லை.

அடுத்தது துணி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சாற்றை இழுக்காது. அத்தை சொன்னபடி அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்து, வெந்நீரில் சோப்பில்லாமல் அலசிக் காயவைத்தேன். முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் எரியும்போது உருகி நாறும். ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பார்த்தாலே தெரியும். பருத்தி சாம்பலாகும், கலப்படம் உருண்டு கட்டியாகும்.

துணியைச் சாற்றில் நனைத்து, பிழியாமல், நிழலில் காயவைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காயவைக்க வேண்டும். துணி விறைத்து, மடித்தால் முறியும் பதம் வரை. தமிழ்நாட்டில் இது எளிதாக இருக்கலாம். இங்கே காற்றிலேயே தண்ணீர் நிற்கிறது, மத்தியானம் ஆனால் மழை. ஈரத்துணி ஒரு ராத்திரி தாண்டினால் பூஞ்சை பிடித்துப் புளித்த வாடை வரும். வேலை முழுவதும் இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது என்று சொல்வேன். நான் செய்த ஏற்பாடு இது: துணியைத் தனித்தனிச் சிறு பட்டைகளாக முதலிலேயே கிழித்துக்கொண்டேன். கொசுவலை கட்டும் கம்பியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிட்டு, எதிரில் மேசைக்காற்றாடியை மெதுவாக ஓடவிட்டேன். காலையில் நனைத்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சாறு பிழிந்தேன். பழைய சாற்றை ஐஸ்பெட்டியில் வைத்து மறுநாள் எடுப்பதை அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. வாடை மாறிவிடும் என்றார். அது சரிதான்.

இந்த நேரத்தில் பக்கத்துத் தெரு மலாய்க்கார மாக்சிக் (வயதில் மூத்த அம்மா) ஒருவர் வந்து பார்த்தார். அவர்கள் இதை உராங்-அரிங் என்பார்கள், தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பார்கள். நம் வீட்டிலும் அதே வேலைக்குத்தான் அதிகம் போகிறது. சக்கையை வீணாக்காமல் அவருக்கும் கொடுத்து, நானும் எண்ணெய் காய்ச்சினேன். எண்ணெயில் சடசடப்பு அடங்கி, அடியில் நிற்கும் வண்டல் விரலில் உருட்டினால் மெழுகுப் பதமாகத் திரளும்போது இறக்க வேண்டும். தண்ணீர் நின்றால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். தலை எண்ணெய் பற்றி இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை, எல்லா வீட்டிலும் ஒரு பக்குவம் இருக்கும். வள்ளலார் அன்றாட உணவிலேயே கரிசாலையைச் சேர்க்கச் சொன்னவர். அந்த மரியாதை இந்தச் செடிக்கு நம்மிடம் இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மை கூட்டுவது ராத்திரி வேலை. காற்று அடங்க வேண்டும், காற்றாடியை நிறுத்திவிட வேண்டும். ஆனால் ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கட்டும், புகை அறையில் நிற்கக் கூடாது. நான் பின்வாசல் அடுப்படியில் வைத்துக்கொண்டேன். சிமெண்டுத் தரை, பக்கத்தில் துணியோ பேப்பரோ எதுவும் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் ஈரச் சாக்கு. எரிந்து முடியும்வரை எழுந்து போவதில்லை.

காய்ந்த பட்டையைத் தொடையில் வைத்து இறுக்கித் திரித்தால் திரி. அகலில் விளக்கெண்ணெய். மளிகைக் கடையில் வயிற்றுக்குக் குடிக்கச் சின்னப் பாட்டிலில் விற்பதே போதும், வாசனை ஏதும் சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். விளக்கெண்ணெய் கெட்டியானது, தடித்த திரியில் மேலே ஏறத் திணறும். அதனால் திரி மெல்லியதாக இருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் திரியை எண்ணெயில் நன்றாக ஊறவிட்டு, நுனியை மட்டும் வெளியே நீட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க நெய்யிலும் நல்லெண்ணெயிலும் தனித்தனியாக ஏற்றினேன். நல்லெண்ணெய்க் கரி சற்றுப் பொடிப்பொடியாக, காய்ந்த மாதிரி விழுந்தது. நெய்க்கரி மென்மையாக இருந்தது, ஆனால் அளவு குறைவு. விளக்கெண்ணெயில்தான் கரி திரண்டு பிடித்தது. என் தேர்வு அதுதான்.

அகலைச் சுற்றி மூன்று செங்கல். அதன்மேல் கவிழ்த்த மண்சட்டி. சட்டியின் உட்புறத்தில் சந்தனத்தை இழைத்துப் பூசிக் காயவிட்டிருந்தேன். அத்தையின் அம்மா அப்படித்தான் செய்வாராம். சட்டியின் மண் கரியை உறிஞ்சாமல் இருக்கவும், சுரண்டும்போது மண் கலக்காமல் இருக்கவும் அது உதவுகிறது என்று செய்து பார்த்தபோது தெரிந்தது. செங்கல்களுக்கு நடுவே காற்றுப் போக வழி வேண்டும். மூச்சு இல்லாவிட்டால் சுடர் அணைந்துவிடும்.

சட்டியின் உயரம்தான் இதில் நுட்பம். சுடரின் மஞ்சள் வெளிச்சம் என்பதே இன்னும் எரிந்து முடியாத கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வது. அவற்றை விட்டுவைத்தால் மேலே போய் எரிந்து தீர்ந்துவிடும். எரிவதற்கு முன்னால் குளிர்ந்த ஒரு பரப்பு குறுக்கே வந்தால் அதில் படிந்துவிடும். அதனால் சுடரின் நுனி சட்டியைத் தொட வேண்டும், ஆனால் நசுங்கக் கூடாது. எட்டி இருந்தால் கரி பிடிக்காது, சட்டி வெறுமனே சுடும். மிக நெருங்கினால் சுடர் அமுங்கி, எண்ணெய்ப் பிசுக்கு கலந்த பழுப்புக் கரி வரும். செங்கலின் மேல் ஓட்டுச் சில்லுகளை வைத்து உயரத்தைச் சரிசெய்தேன். எண்ணெய் இறங்க இறங்கச் சுடரும் இறங்கும், நடுவில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சாறேற்றாத வெறும் வேட்டித் துணியிலும் ஒரு திரி செய்து பக்கத்திலேயே ஏற்றி வைத்தேன். கரிசாலை மையின் கருப்புக்குக் கரிசாலையா காரணம் என்று தெரிந்துகொள்ள ஆசை. கரியின் நிறத்தில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கரி பெரும்பாலும் எண்ணெயிலிருந்துதானே வருகிறது. ஆனால் திரி நின்ற விதத்தில் நல்ல வித்தியாசம். வெறும் திரி எண்ணெயில் துவண்டு சரிந்துகொண்டே இருந்தது, குச்சியால் தூக்கிவிட வேண்டியிருந்தது. கரிசாலைத் திரி விறைப்பாக நின்று ஒரே சீராக எரிந்தது. சுடர் ஆடாமல் நின்றால் கரி ஒரே இடத்தில் அடையாகப் படியும். இதை அத்தையிடம் சொன்னபோது, "அதுக்குத்தானே ஊற வைக்கிறது, வேறெதுக்கு?" என்றார்.

சட்டி ஆறும்வரை தொடக் கூடாது. ஆறியதும் மெதுவாக நிமிர்த்தி, கோழி இறகால் வழித்தேன். கரித்துகள் அவ்வளவு லேசு, மூச்சு விட்டாலே பறக்கும். முகத்தில் துணி கட்டிக்கொள்வது நல்லது, நெஞ்சுக்குள் போகக் கூடாத பொருள் அது. வழித்ததை மெல்லிய மஸ்லின் துணியில் சலித்தால் கட்டியும் திரிச்சாம்பலும் தங்கிவிடும்.

குழைப்பதற்குப் பித்தளைத் தட்டும் வெள்ளிக் கரண்டியின் பின்பக்கமும். இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு அரைக்கத் தொடங்கினேன். முதலில் கரி எண்ணெயை ஏற்காது, உருண்டு உருண்டு ஓடும். இன்னும் எண்ணெய் விடத்தான் கை போகும், விடக் கூடாது. அரைத்துக்கொண்டே இருந்தால் திடீரென்று பளபளவென்று ஒன்றுசேரும். அப்போதுதான் அடுத்த சொட்டு. எவ்வளவு அரைக்கிறோமோ அவ்வளவு மை. அத்தை கையை நீட்டி, புறங்கையில் ஒரு கோடு இழுக்கச் சொல்லிப் பார்த்தார். துகள் நெருடினால் இன்னும் அரை, கோட்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் கரி சேர், இரண்டும் இல்லாவிட்டால் சிமிழில் எடு. அவர் சொல்லும் அளவுகோல் இவ்வளவுதான். சாற்றையோ தண்ணீரையோ மையில் நேராகச் சேர்ப்பதில்லை. ஈரம் போனால் பூஞ்சை பிடிக்கும். நெய்யில் குழைத்தால் மணமாக இருக்கும், ஆனால் இந்த வெக்கைக்குச் சீக்கிரம் காறிவிடும்.

கண்ணுக்கு இதை இழுக்கலாமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். குழந்தையின் கண்ணுக்குக் கூடவே கூடாது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியும் அதைத்தான் சொன்னார், நானும் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் செய்தது கிருமி நீக்கிய பொருள் இல்லை. புகைக்கரி கண்ணுக்குள் போக வேண்டிய பொருளும் இல்லை. கடைகளில் கிடைக்கும் சில சுர்மா (கண்மை) வகைகளில் ஈயம் இருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஈயக் கனிமத்தையே பொடித்துச் செய்வது உண்டு. நம் விளக்குக்கரி மையில் அந்தக் கனிமம் இல்லை என்பது நிம்மதிதான், ஆனாலும் அதற்காகக் கண்ணுக்குள் தீட்டலாம் என்று ஆகிவிடாது. பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டாக உள்ளங்காலில் வைத்தோம். கன்னத்தில் வைத்தால் கையால் தேய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். பெரியவர்கள் நெற்றிப் பொட்டுக்கும் புருவத்துக்கும் வைக்கிறோம். தோல் எரிச்சல் வருகிறதா என்று முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்த பிறகுதான். சாமந்திக் குடும்பத்துச் செடிகள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

அளவாகச் செய்ததால் சிமிழ் ஒன்றுதான் நிறைந்தது. கோயிலில் பார்த்த சிலர் விற்கிறாயா என்று கேட்டார்கள். மலேசியாவில் அழகுப் பொருள் எதுவானாலும் விற்பதற்கு முன் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறைப் பிரிவிடம் அறிவிக்க வேண்டும். வீட்டு அடுப்படியில் கூட்டிய மையை விற்க எனக்கு எண்ணமும் இல்லை. செடி வேண்டுமென்றால் தண்டு ஒடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். இரண்டு வீட்டில் இப்போது மீன் பெட்டியில் கரிசாலை தழைத்திருக்கிறது.

என் பெட்டியில் இரண்டாம் அறுப்புக்குச் செடி தயாராகிவிட்டது. இந்த முறை துணியைப் பாதி அகலத்துக்குக் கிழித்து இன்னும் மெல்லிய திரியாகச் செய்யப் போகிறேன். மண்சட்டிக்குப் பதில் செம்புத் தட்டு வைத்தால் கரி எப்படிப் பிடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். செம்பு சீக்கிரம் சூடேறும், அதனால் தட்டின் மேல் ஈரத்துணி போட்டுக் குளிரவைக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். மஞ்சள் கரிசாலை, மடல் பிரியாத இலையுள்ள அசல் செடி, ஈப்போவில் ஒரு மூலிகைத் தோட்டக்காரர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னொரு மீன் பெட்டி கழுவி வைத்திருக்கிறேன்.